பின்னால் வருகிறவனுக்கு ஒரு விளக்கு

ஜனகராஜ் வாங்கிய வெளிநாட்டுக் காரில் ஒரு பொத்தான் குறைந்தது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் விளக்குக்கு, வைப்பருக்கு என்று வரிசையாகப் பொத்தான்கள் இருந்தன. கடைசி இடத்தில் மட்டும் பொத்தானுக்குப் பதில் ஒரு கறுப்பு மூடி. வேறு யாராயிருந்தாலும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். ஜனகராஜ் கவனித்தார். பந்தியில் அத்தனை வகையும் பரிமாறியிருந்தாலும் இலையில் விழாத அப்பளத்தைக் கேட்கிற மனுஷர் அவர்.

கார் ஒரு கார்ட்டினா. மதராஸில் உத்தியோகம் பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் கப்பலில் கொண்டுவந்து ஓட்டி, ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. அம்பாசடரையும் ஃபியட்டையும் விட்டால் வேறு கார் அறியாத காலம். மதுரை திருநகரில் அது வந்து நின்ற அன்று தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. "இதுக்குச் சாமான் எங்க கெடைக்கும்?" என்று கேட்டவர்கள் பாதி, "எம்புட்டுப் பெட்ரோல் குடிக்கும்?" என்று கேட்டவர்கள் மீதி. ஜனகராஜின் மனைவி சூடாமணி மட்டும் வாசல்வரை வந்து ஆரத்தி சுற்றிக் கொட்டிவிட்டு, உள்ளே ஏறிக்கூடப் பார்க்காமல் திரும்பிப் போனாள்.

அது ஜனகராஜ் எதிர்பார்த்ததுதான். சூடாமணிக்கு சீதாராமன் என்று ஒரே தம்பி. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு தை மாதக் காலையில், மேலூருக்கும் கொட்டாம்பட்டிக்கும் நடுவே, டயர் மாற்றுவதற்காகக் காரை ஓரங்கட்டி நிறுத்தியிருக்கிறான். பனி அப்படி ஒரு பனி. பின்னால் வந்த லாரிக்காரன் கண்ணுக்குக் கார் படவில்லை. அதற்கப்புறம் சூடாமணி எங்கே போனாலும் ரயில்தான். ரயில் போகாத ஊர் எதுவும் அவளைப் பொறுத்தவரை இல்லாத ஊர்.

அந்த மூன்று வருஷமும் ஜனகராஜ் அவளுக்குச் சொன்ன ஆறுதல் ஒன்றே ஒன்றுதான். "கண்ணு தெரியாத பய. குடிச்சிருப்பான். இல்ல தூங்கியிருப்பான்." சொல்லிச் சொல்லி அவருக்கே அது நேரில் பார்த்ததுபோல ஆகிவிட்டது. சூடாமணி அதைக் கேட்டுக்கொள்வாள்.

இப்போது வந்த சிக்கல், இல்லாத ஊர் என்று அவள் தள்ளிவைத்த ஊர்களில் ஒன்றில்தான் அவள் மகள் இருந்தாள் என்பது. சாரதாவைத் துவரங்குறிச்சியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்த ஊருக்கு ரயில் கிடையாது. போக வேண்டுமென்றால் மேலூர், கொட்டாம்பட்டி வழியாக அதே ரோட்டில்தான் போக வேண்டும். இதுவரை சாரதாதான் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனாள். இந்தத் தையில் அவளுக்குச் சீமந்தம். "அம்மா வரலேன்னா எனக்குச் சீமந்தமே வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். சம்பந்தி வீட்டில் ராத்தங்கக் கூடாது என்பது சூடாமணியின் பிறந்த வீட்டுப் பழக்கம். அதனால் முதல் நாளே வெயிலில் போய் இறங்கிவிடவும் வழியில்லை. சடங்கோ காலையிலேயே. விடிகாலைக் கருக்கலில் கிளம்பினால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். கருக்கல் என்றால் பனி.

சூடாமணி ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. மகளை நினைத்தால் போக வேண்டும், தம்பியை நினைத்தால் போக முடியாது. பூஜை அலமாரி முன்னால் உட்கார்ந்து அழுதாள். ஜனகராஜுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. காரோடு வந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு அந்தக் கறுப்பு மூடியின் விவகாரத்தைத் தேட உட்கார்ந்தார். துக்கம் வந்தால் ஏதாவது ஒரு சாமானைக் கழற்றிப் பார்க்கிற ஆண்பிள்ளைகள் உண்டு. அவர் அந்த ஜாதி.

புத்தகத்தில் படமே போட்டிருந்தது. வெள்ளையாகப் பனி, அதற்குள் ஒரு கார், காரின் பின்பக்கத்தில் பளிச்சென்று சிவப்பு வெளிச்சம். பின்னால் பொருத்துகிற பனி விளக்கு. வேண்டுமென்றால் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம், பொத்தானுக்கு இடம் விட்டிருக்கிறோம் என்று எழுதியிருந்தது. வெள்ளைக்காரர் வாங்கவில்லை போலிருக்கிறது. மதராஸில் அவர் எந்தப் பனியைக் கண்டார்?

அந்தப் படத்தை சூடாமணியிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவர்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். கோபம் மட்டும் தமிழில் வரும்.

"இது நமக்குப் பாதை காட்டற வெளக்கு இல்ல. பின்னாடி வர்றவனுக்கு நாம இருக்கறதக் காட்டற வெளக்கு" என்றார்.

சூடாமணி படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "இது அன்னிக்கு சீதாராமன் கார்ல இருந்திருந்தா?"

ஜனகராஜ் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாத கேள்வி, ஆனாலும் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது. "தெரிஞ்சிருக்கும்" என்றார்.

"அப்ப போட்டுக் குடுங்க. வாரேன்" என்றாள் சூடாமணி.

மூன்று வருஷத்தில் அந்த ரோட்டைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் 'வாரேன்' அது. ஜனகராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு அப்போதே கிளம்பிவிட்டார்.

வில்லாபுரத்தில் விருமாண்டியின் கடை. கார், லாரிகளுக்கு விளக்கு, ஹார்ன், ஒயரிங் எல்லாம் பார்க்கிறவர். ஜனகராஜுக்குப் பல வருஷப் பழக்கம். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு விருமாண்டி கேட்டார்.

"முன்னாடி வெளக்குப் போட்டா ரோடு தெரியும்ணே. பின்னாடி இம்புட்டு வெளிச்சம் எதுக்கு? கொடைக்கானலுக்கு ரிவர்ஸ்லயே போகப் போறீகளா?"

"நாம இருக்கோம்னு பின்னாடி வர்றவனுக்குத் தெரியணும்யா."

"அதுக்குத்தான் டெயில் லைட்டு இருக்குல்ல?"

"அது நல்ல நாள்ல எரியற வெளக்கு. பனில மின்மினிப் பூச்சி மாதிரித்தான் தெரியும். இது பனியக் கிழிச்சுக்கிட்டுத் தெரியணும்."

விருமாண்டி தலையைச் சொறிந்தார். அந்தச் சாமான் மதுரையில் கிடையாது. பஸ்ஸுக்கு முன்னால் போடுகிற பெரிய விளக்கு ஒரு ஜோடி இருந்தது. பல்பு நல்ல சக்தியான பல்பு, கண்ணாடியும் கனமான கண்ணாடி. அதையே பின்னால் பம்பருக்குக் கீழே மாட்டி, அந்தக் கறுப்பு மூடி இருந்த இடத்திலேயே ஒரு பொத்தான் வைத்து இணைப்புக் கொடுத்துவிடலாம். கண்ணாடிதான் சிவப்பாக இல்லை.

"லாரி டெயில் லைட்டு மூடி செவப்பா இருக்கும். ஆனா பிளாஸ்டிக்கு. இந்த பல்புச் சூட்டுக்கு உருகிரும். செவப்புக் கண்ணாடி வேணும்னா மெட்ராஸ்ல சொல்லி வைக்கணும்ணே. தை முடிஞ்சுரும்" என்றார் விருமாண்டி.

"செவப்புக்கு மெட்ராஸுக்கு ஆள் அனுப்பறதா? யார்கிட்ட வந்து என்ன பேச்சு பேசற?" என்றார் ஜனகராஜ்.

அவர் அப்படிச் சொன்னதில் நியாயம் இருந்தது. சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிற குடும்பம் அவருடையது. மதுரையில் அவர் போட்ட சிவப்புக்குத் தனி மரியாதை. எத்தனை தோய்த்தாலும் இறங்காது, பக்கத்துத் துணியில் ஒட்டாது. கடைக்கு வருகிறவர்களிடம் அவர் சேலையை விரித்துக் காட்டுவதில்லை. நனைத்து, வெள்ளைத் துணியில் போட்டுத் தேய்த்துக் காட்டுவார். வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருக்கும். அதற்குமேல் அவர் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. ஆனாலும் பேசுவார்.

இரண்டு கண்ணாடிகளையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார். தச்சர்கள் பாலீஷ் போடுகிற அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, அதில் தன் கைப்பக்குவமாகச் சாயத்தைச் சேர்த்து, கண்ணாடியின் உள்பக்கம் பூசினார். காய்ந்ததும் மறுபடி பூசினார். வெயிலில் தூக்கிப் பிடித்தபோது தரையில் குங்குமம் கொட்டினதுபோல நிழல் விழுந்தது. அவருக்கே சந்தோஷம் தாங்கவில்லை.

பரீட்சை பண்ணாமல் அவர் கையிலிருந்து எதுவும் வெளியே போகாது. சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டார். எலுமிச்சம்பழம் பிழிந்து பார்த்தார். ஒரு பகல் முழுக்க மாடி வெயிலில் வைத்தார். கடைசியாக ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தார். துணியில் ஒரு பொட்டுச் சிவப்பு ஒட்டவில்லை. துணியை சூடாமணியிடம் விரித்துக் காட்டினார். அவளும் சாயத் தொட்டி ஓரம் வளர்ந்தவள்தான். துணியைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

விருமாண்டி கடையில் விளக்கை மாட்டியதும் பொத்தானை அழுத்தினார்கள். தெருவில் போன சைக்கிள்காரர் ஒருவர் சிவப்பைப் பார்த்து பிரேக் பிடித்து இறங்கியேவிட்டார். "இது போதும்ணே. ரயிலே நின்னுரும்" என்றார் விருமாண்டி. உடனே அணைத்துவிட்டார்கள். பாட்டரி வீணாகக் கூடாதே.

சீமந்தத்தன்று கருக்கலில் கிளம்பினார்கள். ஜனகராஜ்தான் ஓட்டினார். சூடாமணி பின் சீட்டில் உட்கார்ந்தாள். சாமி படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தவள், கார் நகர்ந்ததும் பக்கவாட்டில் திரும்பி, பின் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்க்கத் தொடங்கினாள். மடியில் ஒரு பெட்டி. அதில் மஞ்சள், குங்குமம், வளையல், அதற்கெல்லாம் மேலே சாரதாவுக்கான சேலை. ஜனகராஜ் தன் கையாலேயே சாயம் போட்ட சிவப்புச் சுங்குடி.

ஒத்தக்கடைவரை பனி பேருக்குத்தான் இருந்தது. மேலூர் தாண்டி இரண்டு பக்கமும் வயலாக வந்ததும் தரையோடு கிளம்பி ரோட்டை மூடியது. புளியமரங்களின் அடியில் அடித்திருந்த வெள்ளைப் பட்டை மட்டும் ஒவ்வொன்றாக வந்து போயிற்று. ஜனகராஜ் வேகத்தைக் குறைத்து, புதுப் பொத்தானை அழுத்தினார். பின்னால் பனி முழுவதும் சிவப்பாயிற்று.

"தெரியுதா?" என்று கேட்டார்.

"தெரியுது" என்றாள் சூடாமணி. கொஞ்சம் பொறுத்து, "நல்லா தெரியுதுங்க" என்றாள். குரலில் ஒரு பிடி விட்டிருந்தது. இதற்காக எத்தனை கார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று ஜனகராஜ் நினைத்தார்.

அந்தச் சந்தோஷம் கொட்டாம்பட்டிவரைகூட வரவில்லை.

"ஏங்க, நெறம் மாறுதே."

"என்ன மாறுது?"

"முன்ன குங்குமமா இருந்துச்சு. இப்ப செங்கல் நெறமா இருக்கு."

"பனி அப்படிக் காட்டும்."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் ரோடு தெரிவதே பெரும்பாடாக இருந்தது. மறுபடி சூடாமணியின் குரல் வந்தது. "பனி காட்டலங்க. மஞ்சளா வருது. சாயம் எறங்குது."

இதை வேறு யார் சொல்லியிருந்தாலும், வேறு எதைப் பற்றிச் சொல்லியிருந்தாலும், ஜனகராஜ் காரை நிறுத்திப் பார்த்திருப்பார். சொன்னது அவருடைய சிவப்பைப் பற்றி. "என் செவப்பு எறங்காது!" என்றார், தமிழில். "வெள்ளைத் துணில தேச்சுக் காட்டினேன்ல? பேசாம உக்காரு."

சூடாமணி மறுபடி பின் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கார் போய்க்கொண்டே இருந்தது. அந்தக் கொஞ்ச நேரம் ஜனகராஜ் அவளுக்குப் புருஷனாகவும் இல்லை, சாரதாவுக்கு அப்பாவாகவும் இல்லை. வெறும் சாயக்காரராக மட்டும் இருந்தார்.

பின்னாலிருந்து ஹார்ன் கேட்டது. விட்டு விட்டு இல்லை, ஒரே மூச்சாக. அதோடு பிரேக் கிறீச்சிடும் சத்தம், ஏதோ மரக்கிளை முறிகிற சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. "அய்யோ!" என்று சூடாமணி கத்தினாள். ஜனகராஜ் காரை ரோட்டைவிட்டு நன்றாகத் தள்ளி மண்ணில் இறக்கி நிறுத்தினார்.

இறங்கிப் பின்பக்கம் போனவர் அப்படியே நின்றார். அரக்கு சூட்டில் இளகி, சாயத்தோடு வழிந்து, கண்ணாடியின் அடி ஓரத்தில் கெட்டியாக உறைந்திருந்தது. நடுவில் சுத்தமான கண்ணாடி. அதன் வழியாக இரண்டு விளக்குகளும் பளீரென்று மஞ்சளாக எரிந்தன. காரின் சொந்தச் சிவப்பு விளக்குகள் எரிவதே அந்த வெளிச்சத்தில் தெரியவில்லை. ஒரு சாயக்காரன் பார்க்கிற பரீட்சை எல்லாம் பார்த்தார். தண்ணீர் பார்த்தார், சோப்புப் பார்த்தார், வெயில் பார்த்தார். விளக்கைக் கொஞ்ச நேரம் தொடர்ந்து எரியவிட்டுப் பார்க்கவில்லை. எரிகிற சேலையை யார் கட்டப் போகிறார்கள்?

பின்னால் பனிக்குள், ரோட்டை விட்டு இறங்கி, புளியமரத்துக்கு ஒரு முழம் இந்தப்பக்கம் ஒரு லாரி நின்றிருந்தது. பருத்திப் பொதி ஏற்றிய லாரி. ஓட்டி வந்தவர் கீழே குதித்து ஓடி வந்தார். நாற்பது வயசிருக்கும். முண்டாசு அவிழ்ந்து தோளில் தொங்கியது.

"யோவ்! நீ வாரியா, போறியா? மொதல்ல அதச் சொல்லு!"

ஜனகராஜ் வாய் திறந்தார். மூன்று வருஷமாகப் பழகின வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது. கண்ணு தெரியாத பய. சொல்ல முடியவில்லை. எதிரே நின்றவர் குடித்திருக்கவில்லை, தூங்கியிருக்கவில்லை. நெற்றியில் திருநீறு வேர்வையில் கரைந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"எதுக்கப் பாத்தா ரெண்டு வெளக்கு, என் சைடுலயே நிக்குது. எதிர வாரான், தப்பான சைடுல வாரான்னு ஸ்டியரிங்க ஒடிச்சேன். ஒடிச்சா மரம். ஆத்தா புண்ணியத்துல நின்னுச்சு. பின்னாடி எவனாச்சும் மஞ்ச வெளக்குப் போடுவானாய்யா?"

"தப்பு எங்க பேர்ல தம்பி" என்று சொன்னது சூடாமணி. அவள் இறங்கி வந்ததை ஜனகராஜ் கவனிக்கவில்லை. சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துப் போர்த்தியபடி, அந்த ரோட்டோரத்தில், பனிக்குள், அவள் தன் காலில் நின்றாள். "வெளக்க அணைங்க" என்று அவரிடம் சொன்னாள். அவர் ஓடிப்போய் அணைத்தார்.

பெண்பிள்ளையைப் பார்த்ததும் லாரிக்காரரின் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிக்கு அவருக்குத் தெம்பு இல்லை. அங்கேயே கிடந்த கல்லில் உட்கார்ந்தார். சூடாமணி காருக்குள்ளிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்து வந்து, மூடியில் காப்பி ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். அவர் அதில் பாதியைச் சிந்தினார். மறுபடி ஊற்றினாள்.

"பேரென்ன?"

"நல்லகாமன்மா. உசிலம்பட்டிப் பக்கம். திருச்சி மில்லுக்கு லோடு."

"பனில உங்களுக்கு எதுவுமே தெரியாதா?"

"தெரியுறத வச்சுத்தாம்மா ஓட்டுறோம். தெரியுறது தப்பாத் தெரிஞ்சா என்ன செய்யறது?"

அடுத்து சூடாமணி கேட்டது, மூன்று வருஷமாக அவள் யாரிடமும் கேட்காதது என்று ஜனகராஜுக்கு உடனே தெரிந்தது.

"தெரியாம வந்து இடிச்சிட்டவன் அப்பறம் என்ன ஆவான் தம்பி?"

நல்லகாமன் காப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆளப் பொறுத்துதும்மா. மறுநாளே வண்டி எடுக்கறவன் இருக்கான். எங்க பக்கம் ஒருத்தரு, நல்ல டிரைவரு, குடி கிடையாது. இப்படித்தான் ஒரு பனில நின்ன கார்ல ஏத்திட்டாரு. கேசெல்லாம் முடிஞ்சு போச்சு. ஆனா அப்பறம் ஸ்டியரிங்க அவரு தொடல. ரெண்டு மாடு வாங்கி மேய்க்கறாரு. பொழுதடைஞ்சா யாரோடயும் பேச மாட்டாரு."

எந்த வருஷம், எந்த இடம் என்று சூடாமணி கேட்கவில்லை. கேட்டுவிடுவாளோ என்று ஜனகராஜ் பயந்துகொண்டு நின்றார். அவள் ஃபிளாஸ்க்கை மூடினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம்" என்றாள். அது யாருக்கென்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

மூன்று வருஷமாக அவளுக்கு ஆறுதல் என்று நினைத்துத் தான் கொடுத்துவந்தது என்ன என்று ஜனகராஜ் அப்போது யோசித்தார். ஒரு கண் தெரியாத பயலைக் கொடுத்திருக்கிறார். அவனும் ஓட்டி வருகிற அந்த ரோட்டில் அவள் எப்படி ஏறுவாள்? பின்னால் வருகிறவனுக்காக ஒரு விளக்கு வேண்டுமென்று நினைத்தவர், அந்தப் பின்னால் வருகிறவன் ஒரு மனுஷன் என்பதை நினைக்கவே இல்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"திரும்பிப் போயிரலாமா சூடா? பனி விட்டப்பறம் மெதுவா..."

"சடங்கு முடிஞ்சுரும்" என்றாள் அவள். பெட்டியைத் திறந்தாள். சிவப்புச் சுங்குடியை எடுத்து உதறினாள்.

"ஏய், அது சாரதாவுக்கு..."

"சாரதாவுக்குத்தான். அவளுக்கு அம்மா போய்ச் சேரணும்ல?"

அவள் நினைத்தது அவருக்குப் புரிந்துவிட்டது. சேலையை இரண்டாக மடித்து, விளக்குகளுக்கு மேலே திரைபோலத் தொங்கவிட்டு, மேல் ஓரத்தை டிக்கிக் கதவில் வைத்துச் சாத்தினார்கள். சூட்டில் துணி கருகிவிடாமலிருக்க, நல்லகாமன் முறிந்த புளியங்கிளையில் குச்சிகளை ஒடித்து, துணி கண்ணாடியில் படாதபடி முட்டுக் கொடுத்தார். ஜனகராஜ் பொத்தானை அழுத்தினார். பனி குங்குமமாயிற்று.

"நம்பர் பிளேட்டு மறைஞ்சிருச்சே. போலீஸ் புடிச்சா?" என்றார் ஜனகராஜ்.

"அவுகளுக்கும் பனிதானண்ணே" என்றார் நல்லகாமன்.

சேலையின் கீழ் ஓரம் அதற்குள் மண்ணில் பட்டிருந்தது. ஜனகராஜ் அதையே பார்த்துக்கொண்டு நின்றதைச் சூடாமணி கவனித்தாள். "அழுக்குப் பட்ட பக்கத்த கொசுவத்துக்குள்ள விட்டுக் கட்டிவிடுவேன். நாளைக்குத் தோய்ச்சா போச்சு. துணில உங்க செவப்பு நிக்கும்ல?" என்றாள். சௌராஷ்டிரத்தில்தான் சொன்னாள். அவருக்கு அழுகை வந்தது, சிரித்துவிட்டார்.

நல்லகாமன் முண்டாசைக் கட்டிக்கொண்டு லாரிப் பக்கம் நடந்தவர் நின்றார். "அம்மா, நீங்க முன்னாடி போங்க. நான் பின்னாடியே வாரேன். எடம் விட்டு வருவேன், பயப்படாதீக. எனக்குப் பின்னாடி வர்றவன் என்னையத் தாண்டித்தான் உங்ககிட்ட வரணும். எவனையும் விட மாட்டேன்."

லாரி பின்னால் வரும் என்றதற்குச் சூடாமணி என்ன சொல்வாளோ என்று ஜனகராஜ் அவள் முகத்தைப் பார்த்தார். "சரி தம்பி" என்று சொல்லிவிட்டு அவள் காரில் ஏறிக்கொண்டாள்.

கார் போயிற்று. சேலைக்கு வெளியே சிவப்பு, சிவப்புக்கு அப்பால் லாரியின் இரண்டு விளக்குகள், அப்புறம் பனி. லாரி நெருங்கவுமில்லை, விலகவுமில்லை. நடுவில் ஏதோ ஒரு பஸ் முந்திவரப் பார்த்தது போலிருக்கிறது. நல்லகாமனின் ஹார்ன் அதட்டியது. பஸ் அடங்கிவிட்டது. கொட்டாம்பட்டி டீக்கடைகளில் நின்றவர்கள் வாயில் டீயோடு அந்த ஊர்வலத்தைப் பார்த்தார்கள். சீமைக் காருக்குப் பின்னால் சேலை, சேலைக்குப் பின்னால் பருத்தி லாரி.

கொட்டாம்பட்டி தாண்டி வெயில் ஏறிற்று. வயல்களின் மேலே பனி கிழிந்து கிழிந்து விலகியது. இனி விளக்கு வேண்டியதில்லை. ஜனகராஜ் பொத்தானிடம் கையைக் கொண்டுபோனவர், எதற்கோ கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தார்.

சூடாமணி முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பெட்டியின் மேல் கையை வைத்து, கையின் மேல் கன்னத்தை வைத்து, வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கிக்கொண்டிருந்தாள். தம்பி போனதற்கப்புறம் அவள் ரயிலில்கூடத் தூங்கிப் பார்த்ததில்லை அவர். கையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். விளக்கு எரியட்டும் என்று விட்டுவிட்டார். ரோடு நன்றாகத் தெரிந்தும் வேகத்தைக் கூட்டவில்லை. பின்னால் லாரியும் கூட்டவில்லை.

துவரங்குறிச்சியில் சாரதா வீட்டுத் தெரு பிரிகிற இடத்தில் அவர் காரை ஓரமாக ஒதுக்கினார். திருச்சிக்கு நேரே போக வேண்டிய லாரி பக்கத்தில் வந்து மெதுவாயிற்று. நல்லகாமன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சிரித்தார். இந்த ரோட்டில் விடைபெறுவது என்றால் லாரிக்காரர்களுக்கு ஒரே வழிதான். அவர் கை ஹார்னுக்குப் போயிற்று.

ஜனகராஜ் உதட்டில் விரலை வைத்து, பின் சீட்டைக் காட்டினார்.

நல்லகாமன் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார். தலையை மட்டும் அசைத்தார். அந்த ரோட்டில் ஹார்ன் அடிக்காமல் ஒரு லாரி கடந்து போனதை ஜனகராஜ் அன்றைக்குத்தான் பார்த்தார்.